கையெழுத்தக்கா பிடித்த திருட்டு

வங்கியின் பின்பக்கத்தில், கோப்பு அலமாரிகளுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன மேசை. இருபத்தாறு வருடமாக அதற்கு அவள்தான் சொந்தக்காரி. கம்ப்யூட்டர் முடிவு சொல்லத் தயங்குகிற காசோலைகளும் விண்ணப்பங்களும் அங்கேதான் வந்து சேரும். பழைய அட்டையில் இருக்கும் மாதிரிக் கையெழுத்தையும் புதுத் தாளில் இருக்கும் கையெழுத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே கை போட்டதா அல்லது எவராவது பார்த்து வரைந்ததா என்று அவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக மேலாளரே எழுந்து வந்து அவள் மேசையோரம் கை கட்டிக்கொண்டு நிற்பார்.

அவள் முதலில் தாளைத் தலைகீழாகத் திருப்புவாள். தலைகீழாக இருந்தால் பெயரைப் படிக்கத் தோன்றாது, கோடு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். பேனா எங்கே தயங்கியிருக்கிறது, எங்கே தூக்கி மறுபடி வைத்திருக்கிறது, எந்த வளைவில் நடுங்கியிருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது அவர் இல்ல" என்பாள். அலுவலகத்தில் அவளுக்குக் கையெழுத்தக்கா என்று பெயர். ஓய்வு பெறப் போன பெரியவர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

வேலையில் பழகிய சந்தேகம் வீட்டுக்கும் கூடவே வந்தது. பால் பாக்கெட்டில் தேதியை உரசிப் பார்ப்பாள். கதவைத் தட்டுகிறவரிடம் அடையாள அட்டை கேட்பாள். அவள் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுக்கப் புதுசு புதுசான ஆட்களின் கையில் உயிரைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதால், அவருக்கு உலகத்தில் எல்லோர் மேலும் ஒரு நம்பிக்கை உண்டு. "உன்னைக் கல்யாணம் பண்ணும்போது ரிஜிஸ்டர்ல போட்ட என் கையெழுத்தையே நீ நாலு தடவை உத்துப் பாத்தவதானே" என்று கிண்டல் செய்வார்.

அவள் கவிதை எழுதுவது அவருக்குத் தெரியும். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

எழுதத் தொடங்கியது நாற்பத்தெட்டாவது வயதில். பேருந்தில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டு வந்தபோது 'வரிக்கு வரி' என்ற குழு கண்ணில் பட்டது. எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ள ஒருத்தரும் இல்லாத குழு. பிளம்பர், பேக்கரிக்காரர், கணக்கு டீச்சர், வீட்டோடு இருக்கிற மருமகள்கள் என்று இருநூறு பேர். அதைத் தொடங்கி நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். அவர் வைத்த விதி ஒன்றே ஒன்று: ஒரு கவிதை போட வேண்டுமானால், முதலில் மற்றவர்களின் இரண்டு கவிதைகளுக்கு ஒழுங்காகக் கருத்து எழுத வேண்டும். 'சூப்பர்' என்று எழுதினால் செல்லாது.

அவள் 'ஓரக்குறிப்பு' என்ற பெயரில் சேர்ந்தாள். அவளுடைய கவிதைகள் சுமார்தான். அது அவளுக்கே தெரியும். ஏழெட்டுப் பேர் வந்து மரியாதைக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் அவள் மற்றவர்களுக்கு எழுதும் கருத்துக்காகக் குழுவே காத்துக் கிடக்கும். "மூன்றாவது வரியில் நீங்கள் பயந்துவிட்டீர்கள்" என்று எழுதுவாள். பிளம்பர் பதறிப்போய், "ஆமாங்க, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்பார். பேனா தயங்கிய இடத்தை இருபத்தாறு வருடமாகப் பார்த்த கண்ணுக்கு, வார்த்தை தயங்கிய இடம் தெரியாமல் போகுமா?

அந்தக் குழுவுக்குத்தான் 'கொக்கி' என்ற பெயரில் ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

முகப்புப் படம் இல்லை. வந்த அன்றே இரண்டு பேருக்குக் கருத்து எழுதிவிட்டுத் தன் கவிதையைப் போட்டாள்.

இந்த வீட்டில்
என் குரலுக்கென்று ஒரு டம்ளர் இல்லை.
யாரோ குடித்து வைத்ததைக் கழுவி
அதில் பேசுகிறேன்.

அவ்வளவுதான் கவிதை. சாயங்காலத்துக்குள் நாற்பது பேர் வந்து எழுதிவிட்டார்கள். கணக்கு டீச்சர், "படிச்சிட்டு என் டம்ளரைத் தனியா எடுத்து வச்சுட்டேன்" என்று எழுதியிருந்தார். கையெழுத்தக்காவும் எழுதினாள்: "'கழுவி' என்ற சொல்லோடு வரியை நிறுத்தியது சரி. அங்கே வாசகருக்கு ஒரு மூச்சு தேவைப்படுகிறது." எழுதி அனுப்பிய பிறகு, கவிதையை மறுபடி படித்தாள். ஏதோ உறுத்தியது.

ஒரு வாரம் கழித்து இரண்டாவது கவிதை.

காலையில் நூறு விரிப்புகள் மடித்தேன்.
ஆஸ்பத்திரி முத்திரை குத்திய நூறு.
ஒன்றிலிருந்தும்
ஒரு தூக்கம்கூட உதிரவில்லை.

இதற்கும் எழுதினாள். "'கூட' வேண்டாம். எடுத்துப் பாருங்கள்." அடுத்த நிமிடமே கொக்கியிடமிருந்து பதில்: "எடுத்துட்டேன் அக்கா. பளக்க தோசம். நீங்க சொன்னது கரக்ட்டு."

பளக்க தோசம். பழக்க தோஷத்தை இப்படி எழுதுகிறவள், அந்தக் கவிதையில் ஒரு எழுத்துப் பிழை விடவில்லையே? கையெழுத்தக்காவுக்கு மூக்கு வியர்த்தது. கொக்கி மற்றவர்களுக்கு எழுதிய கருத்துகளைத் தேடியெடுத்துப் படித்தாள். வரிக்கு மூன்று பிழை. 'மழை' மளையாக இருந்தது, 'விழி' விளியாக இருந்தது. பிளம்பர் தன் அம்மாவைப் பற்றி எழுதியிருந்த கவிதைக்குக் கீழே, "எங்கம்மா போயி ஏளு வருசம் ஆச்சு, இன்னும் செருப்பு சத்தம் கேக்குது" என்று எழுதியிருந்தாள். ஆனால் கவிதைகளில் ஒவ்வொரு எழுத்தும் தன் தன் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அவள் எழுதுகிற நேரத்தையும் பார்த்தாள். கருத்துகள் எல்லாமே காலை பத்து மணிக்கும் பத்தேகாலுக்கும் இடையில். சொல்லி வைத்தாற்போல. வேறு நேரத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது.

"ரெண்டு பேரு சேர்ந்து ஒரு பேர்ல எழுதுறாங்க. இல்லேன்னா இவ எங்கேயோ இருந்து எடுத்துப் போடுறா" என்றாள் வீட்டுக்காரரிடம்.

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். "நல்லா எழுதுறாளா?"

"நல்லாத்தான் எழுதுறா."

"அப்போ படிச்சிட்டுப் போயேன்."

படித்துவிட்டுப் போக முடியவில்லை. மூன்றாவது கவிதை வந்தது. இறந்துபோன அம்மாவின் மூக்குக்கண்ணாடியைப் பற்றியது. அதைப் படித்தபோது பேருந்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அந்தக் கவிதைக்கு மட்டும் அவள் ஒன்றுமே எழுதவில்லை. திரும்பி நடந்து வரும்போது, நாலு வருடமாக முட்டி மோதியும் தன்னால் எழுத முடியாத ஒன்றை இந்தப் பிழைக்காரி எப்படி எழுதினாள் என்றுதான் யோசித்தாள். அதைப் பொறாமை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கவனம் என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினாள். டம்ளர் கவிதையின் ஒவ்வொரு வரியையும் துண்டு துண்டாக்கித் தேடுகிற இடத்தில் போட்டாள். பிற்பகல் மூன்று மணிவாக்கில், இப்போது யாரும் எட்டிப் பார்க்காத பழைய இணையதளம் ஒன்றில் அது கிடைத்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் 'தாழ்ப்பாள்' என்ற பெயரில் யாரோ போட்டது. அதே வீடு, அதே குரல், அதே டம்ளர். அதன் பிறகு அந்தத் தாழ்ப்பாள் எதுவும் எழுதவில்லை.

ஒரு போலிக் கையெழுத்தைப் பிடித்தால் வருகிற நிம்மதி இருக்கிறதே, அது அவளுக்கு உடம்பெல்லாம் பரவியது. இரண்டு கவிதைகளையும் படம் பிடித்து, இரண்டு பெயர்களையும் கொட்டை எழுத்தில் போட்டு, 'எச்சரிக்கை: திருட்டுக் கவிதை' என்று தலைப்பிட்டாள். கூடவே விரிப்புக் கவிதையையும் போட்டு, 'இதுவும் யாருடையதோ' என்று சேர்த்தாள். மற்றக் குழுக்களும் ஏமாறக் கூடாது என்று, உறுப்பினர்களுக்கு மட்டும் தெரிகிற பதிவாக வைக்காமல் ஊருக்கே தெரிகிற மாதிரி திறந்துவிட்டாள்.

குழு கொதித்தது. "நாற்பது பேர் முட்டாளாகியிருக்கோமே" என்றார் பேக்கரிக்காரர். கணக்கு டீச்சர் தன் டம்ளர் கருத்தை அழித்துவிட்டார். ஆளாளுக்குப் பதிவை எடுத்துப் பகிர்ந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணி நாலு நிமிடத்துக்குக் கொக்கி வந்தாள். ஒரே ஒரு வரி: "தயவுசெஞ்சு அந்தப் பேர இங்க எளுதாதீங்க, எடுத்துடுங்க அக்கா, கெஞ்சி கேக்குறேன்."

செய்யவில்லை என்று சொல்லவில்லை. என்னுடையது என்று சொல்லவில்லை. எடுத்துவிடு என்று மட்டும் கெஞ்சினாள். குற்றத்தை ஒப்புக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்? பல் டாக்டர் பத்தேகாலுக்குள் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். பதிவு அப்படியே இருந்தது.

அந்த வாரம் கையெழுத்தக்காவுக்கு ராஜ உபசாரம். அவளுடைய கவிதைக்கு முதல் முறையாக முப்பது பேர் வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் போனை நீட்டினாள். "நீங்க இன்னும் பாக்கவே இல்லையே. படிங்க."

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். "தாழ்ப்பாள்... கொக்கி... ரெண்டும் கதவு சாமானா இருக்கு?"

"என்ன?"

"இல்ல, திருடுறவ வேற பேரு வைப்பா. ரோஜா, நிலான்னு ஏதாவது. இவ ஏன் அதே கதவைப் போய்ப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா?"

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். அவள் இரண்டு பெயர்களையும் மறுபடி பார்த்தாள்.

ஒரு தாளை எடுத்து இரண்டு கவிதைகளையும் கையால் எழுதினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவளுக்குச் சொல்லப்பட்ட பாடம், புதிதாக வருகிற எல்லோருக்கும் அவளே சொல்லித் தருகிற பாடம் ஒன்று உண்டு: ஒருவர் போட்ட இரண்டு உண்மையான கையெழுத்துகள் ஒருபோதும் அச்சாக ஒத்துப்போகாது, அச்சாக ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும். இரண்டு கவிதைகளும் ஒன்று என்று கண்டதும் குதித்தாளே, எவ்வளவு ஒன்று என்று பார்த்தாளா? பழையதில் 'எனக்கென்று ஒரு குரல் இல்லை, ஒரு டம்ளரும் இல்லை' என்று இருந்தது. புதியதில் இரண்டு வரியும் ஒன்றாகி, 'என் குரலுக்கென்று ஒரு டம்ளர் இல்லை' என்று ஆகியிருந்தது. பழையதில் 'மற்றவர்கள்'. புதியதில் 'யாரோ'. பழையதில் கடைசியில் ஒரு அழுகை வரி இருந்தது. புதியதில் அதை வெட்டியெறிந்திருந்தாள். திருடுகிறவள் மினுக்கித் துடைப்பாள். இப்படித் தன் சதையை அறுக்கிற மாதிரி ஒரு வரியை அறுக்க மாட்டாள். ஐந்து வருடம் ஒரு கவிதையை மனசில் வைத்துத் தேய்த்தவள்தான் அதைச் செய்வாள்.

இரண்டும் ஒரே கை.

உடனே பதிவை அழித்தாள். பகிர்ந்தவர்கள் போட்டது எத்தனை இடத்தில் இருக்கிறதோ, அதற்கு அவள் என்ன செய்ய? கொக்கிக்குத் தனியாக எழுதப் பார்த்தாள். அந்தக் கணக்கே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு மேசையில் கைப்பையை வைத்தபோது போன் சிணுங்கியது. முன்பின் தெரியாத ஒருவர்.

"வணக்கம் அக்கா. உங்கள் பதிவைப் பார்த்தேன். தாழ்ப்பாள் என் தங்கச்சிதான். நாலு வருசமா வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை, கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறார்கள். தங்கச்சி எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்."

மரியாதையான கடிதம். ஒரு இடத்தில்கூடப் பேனா நடுங்கவில்லை. அவள் இரண்டாம் முறை படித்தாள். எங்கம்மா போயி ஏளு வருசம் ஆச்சு. பிளம்பரின் கவிதைக்குக் கீழே அவளே படித்த வரி. ஏழு வருடத்துக்கு முன்னால் போய்விட்ட அம்மாவுக்கு இப்போது எப்படி உடம்பு முடியாமல் போகும்?

பல் டாக்டரைக் கூப்பிட்டாள். பின்னால் கருவி ஓடுகிற சத்தம் கேட்டது.

"டாக்டர், கொக்கியோட அண்ணன்னு யாராவது உங்களுக்கு எழுதினாங்களா?"

"ஆமாங்க, நேத்து எழுதினாரு. பாவம், அவங்கம்மாவுக்கு..."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சேரும்போது ஃபாரத்துல ஊர் பேரு போட்டிருந்துச்சு, அதைச் சொன்னேன். ஆஸ்பத்திரின்னு கவிதையிலேயே இருக்கு. போன் நம்பரும் இருக்கு, சாயங்காலம் தேடிக் குடுக்கிறேன்னு சொல்லியிருக்கேன்."

"குடுத்துடாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் முன்பக்கக் கவுண்டரில் இரண்டு தலைகள் திரும்பின. குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர், அந்த ஆள் பொய் சொல்றான். அந்தப் பொண்ணுக்கு அம்மா கிடையாது. நம்பரை எனக்குக் குடுங்க."

அந்தப் பக்கம் கருவி நின்றது. "அம்மா, கோவிச்சுக்காதீங்க. போன வாரம் அவ திருடின்னீங்க, நான் தூக்கினேன். இப்போ அவ அண்ணன் பொய்யன்றீங்க. நான் யாரை நம்பறது?"

"யாரையும் நம்பாதீங்க. என்னையும் நம்பாதீங்க. நீங்களே கூப்பிட்டு என் நம்பரைக் குடுத்து, நான் பேசலாமான்னு கேளுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வாயைத் திறந்து வச்சுக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. நீங்களே பேசுங்க" என்று நம்பரைச் சொன்னார்.

பத்து மணி வரை அவள் காத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு எப்போது ஓய்வு என்பது அவளுக்குத்தான் தெரியுமே, துப்பறிந்து வைத்திருந்தாளே. பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு முதல் அழைப்பு. எடுக்கவில்லை. இரண்டாவதும் எடுக்கவில்லை. மூன்றாவதில் எடுத்தார்கள், ஆனால் பேச்சு இல்லை. பெரிய இயந்திரம் ஒன்று சுற்றுகிற சத்தம், தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"கொக்கிங்களா?"

இயந்திரச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போனது.

"நான் ஓரக்குறிப்பு பேசுறேன். உங்களைத் திருடின்னு சொன்னவ."

"இந்த நம்பர் யாரு குடுத்தா?" சின்னக் குரல். ஆனால் அதில் பயத்தைவிட எச்சரிக்கைதான் அதிகம்.

"பல் டாக்டர். ஒரு முக்கியமான விஷயம்..."

"நீங்க ஓரக்குறிப்புதான்னு எனக்கு எப்படித் தெரியும்? அவரு சொல்லிக் குடுத்துப் பேசுறீங்களோ என்னமோ."

கையெழுத்தக்காவின் ஆயுசில் அவளையே ஒருவர் சரிபார்ப்பது இதுதான் முதல் தடவை. "கேளுங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க."

"டம்ளர் கவிதைக்கு என்ன எழுதினீங்க?"

"'கழுவி'ன்னு வரியை நிறுத்தினது சரி, அங்க ஒரு மூச்சு வேணும்னு எழுதினேன்."

"அதை எல்லாரும்தான் படிச்சிருப்பாங்க. விரிப்புக்கு?"

"'கூட' வேண்டாம்னேன். எடுத்துட்டீங்க. பழக்க தோஷம்னு சொன்னீங்க."

"அம்மா கண்ணாடிக்கு?"

"ஒண்ணும் எழுதலை."

"ஏன்?"

சமாளிக்க ஆயிரம் இருந்தது. நேரமில்லை, கவனிக்கவில்லை, வேலை. "ரொம்ப நல்லா இருந்துச்சு. பஸ்ஸுல அழுதுட்டேன். அதனாலதான் உங்க மேல சந்தேகம் வந்துச்சு."

"சொல்லுங்க. என்ன விஷயம்?"

"உங்க அண்ணன்னு ஒருத்தர் தேடுறாரு."

"எனக்கு அண்ணனே கிடையாது."

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு..."

"அப்படித்தான் சொல்வாரு. மரியாதையா எழுதியிருப்பாரே? புண்ணியமாப் போகும்னு இருக்குமே?"

"இருக்கு."

அந்தப் பெண் மூச்சை இழுத்து விட்டாள். "என் வீட்டுக்காரரு. அந்தக் கவிதையைப் பாத்துட்டுத்தான் அன்னைக்கு என் விரலைக் கதவு இடுக்குல வச்சு... அதை விடுங்க. அவருக்கு எவ்வளவு தெரியும்?"

"ஊர் பேரு தெரியும். ஆஸ்பத்திரின்னு தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல. நம்பர் குடுக்கலை."

"இந்த ஊருல ஆஸ்பத்திரி மொத்தமே மூணுதான் அக்கா."

"என்னை மன்னிச்சுடும்மா. நான்..."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். எனக்கு இன்னும் எட்டு நிமிசம்தான் இருக்கு. மேற்பார்வை அம்மாகிட்டப் போய்ச் சொல்லணும்." வைக்கப் போனவள் நின்றாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன். கவிதையை நான் நாலு நாள் வச்சுப் பாத்து, அகராதியில ஒவ்வொரு வார்த்தையாத் தேடித்தான் போடுவேன். உங்களுக்கெல்லாம் பதில் எழுத இந்தக் கால் மணி நேரம்தான். அதான் பிழை."

போன் அணைந்தது.

அன்று மதியம் கையெழுத்தக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. அந்த ஆளுக்கு ஒரு பதில் எழுதினாள். போலிகளைப் பிடித்தே பிழைத்தவள், ஒரு போலியைச் செய்ய உட்கார்ந்தாள். "தம்பி, விசாரித்தேன். அந்தப் பெண் எங்கள் குழுவில் கொடுத்த விவரம் எல்லாம் பொய். ஊரும் பொய்தான், வேறு ஊரிலிருந்து எழுதியிருக்கிறாள். உங்கள் தங்கையின் கவிதையை எங்கேயோ படித்துத் திருடியிருக்கிறாள். உங்கள் தங்கைக்கும் இவளுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை." எழுதியதைப் பல தடவை படித்தாள். எங்கே தயங்கியிருக்கிறோம், எங்கே கை நடுங்கியது தெரிகிறது என்று பார்த்தாள். 'தெரியவில்லை' என்பதை எடுத்துவிட்டு 'சம்பந்தமே இல்லை' என்று போட்டு அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "அப்படியா அக்கா. சரி. ஆனால் பதிவை ஏன் எடுத்துவிட்டீர்கள்?"

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாததும் ஒரு பதில்தான் என்று பிறகு தோன்றி, இரண்டு நாள் அவளை அரித்தது. வீட்டு வாசலில் மணி அடித்தால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். வீட்டுக்காரர் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. சங்கிலி போட்டுத் திறக்கிற மாதிரி கதவுக்கு ஒரு சாமான் வாங்கி வந்து, தானே திருகாணி முடுக்கினார்.

மூன்று மாதம் ஒரு தகவலும் இல்லை. பிறகு ஒரு பகல், புது நம்பரிலிருந்து ஒரு குறுஞ்செய்தி.

"அக்கா நாந்தான். நாலாம் நாள் என் போட்டோவ கொண்டுகிட்டு கேட்ல வந்து நின்னாரு. வாட்ச்மேன்ட்ட முன்னாடியே சொல்லி வச்சதால அப்படி யாரும் இல்லன்னுட்டாரு. மூணு நாள் நின்னுட்டு போயிட்டாரு. மேற்பார்வை அம்மா வேற ஊர்ல வேல வாங்கி குடுத்துட்டாங்க. எங்கன்னு சொல்ல மாட்டேன், தப்பா நெனைக்காதீங்க. எளுதுறத விடல. ஆனா எங்கயும் போடுறதில்ல."

கையெழுத்தக்கா அந்தச் செய்தியையும் சும்மா விடவில்லை. அவளுடைய போனை அந்த ஆள் பிடுங்கி எழுதியிருந்தால்? ழகரத்தைப் பார்த்தாள். 'எளுதுறத' என்று இருந்தது. அது அந்தக் கால் மணி நேரத்து அவசரக் கை. நூற்றுக்குத் தொண்ணூறு அவள்தான். மீதிப் பத்துக்காகப் பதிலில் எதுவும் கேட்கவில்லை. "சரி" என்று மட்டும் எழுதினாள். பிறகு மனசு கேட்காமல், "கண்ணாடிக் கவிதையில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்" என்று அனுப்பினாள். இரண்டு செய்திகளும் போய்ச் சேர்ந்ததும், அந்த நம்பரைப் போனிலிருந்து அழித்தாள்.

அவளுக்குப் பெரிய தொந்தரவு இனிமேல்தான். நடந்ததைக் குழுவில் சொல்ல முடியாது. கொக்கி திருடவில்லை, தாழ்ப்பாளும் அவளேதான் என்று ஒரு வரி எழுதினால் போதும், எங்கோ ஒருவன் அதைப் படித்து நிமிர்ந்து உட்காருவான். பல் டாக்டரும் அவளும் காதும் காதும் வைத்தாற்போல இதை மூடிக்கொண்டார்கள். ஆகையால் இருநூறு பேர் மத்தியில் அந்தப் பெண் திருடியாகவே நின்றுபோனாள். அவளைப் பிடித்த ஓரக்குறிப்புக்கு மட்டும் பேர் ஏறிக்கொண்டே போனது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு மற்றவர்கள் அதைக் கதையாகச் சொன்னார்கள். "நம்ம அக்காகிட்ட ஒரு வார்த்தை தப்ப முடியாது" என்று பேக்கரிக்காரர் பெருமையடித்தார். பாராட்டு வரும்போதெல்லாம் அவள் ஒரு கும்பிடு படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தாள். அவளுடைய கவிதைகளுக்கு முப்பது பேர் வருவது நிற்கவே இல்லை. அதை ரசிக்கத்தான் அவளால் முடியவில்லை.

புது உறுப்பினர் யார் வந்தாலும் இப்போது அவள் இரண்டு தடவை பார்க்கிறாள். இவள் அவளாக இருப்பாளோ என்று ஒரு தடவை. இவன் அவனாக இருப்பானோ என்று இன்னொரு தடவை.

போன மாதம் ஒருவர் சேர்ந்தார். நல்ல தமிழ். விதிப்படி இரண்டு பேருக்குக் கருத்து எழுதினார். இரண்டும் பணிவாக இருந்தன. தன் கவிதை எதையும் போடவில்லை. மூன்றாம் நாள் பொதுவில் கேட்டார்: "இங்கே கொக்கி என்று ஒருவர் எழுதிய கவிதைகளைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அருமையாக இருக்குமாமே. எங்காவது கிடைக்குமா? யாரிடமாவது இருந்தால் தந்து உதவினால் புண்ணியமாகப் போகும்."

கையெழுத்தக்கா மேசையில் இருந்தாள். முன்னால் ஒரு காசோலை தலைகீழாகக் கிடந்தது. உண்மையிலேயே கவிதை மேல் ஆசைப்பட்டுக் கேட்கிற யாராகவும் இருக்கலாம். புண்ணியம் என்று உலகத்தில் ஒருவன் மட்டுமா எழுதுவான்? வேறு யாராவது முந்திக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அவள் எழுதினாள்.

"அவை திருட்டுக் கவிதைகள். எழுதியவள் ஒரு ஏமாற்றுக்காரி. எல்லாவற்றையும் அழித்துவிட்டோம். அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம்."

பேக்கரிக்காரர் உடனே ஒரு கைதட்டல் போட்டார். கணக்கு டீச்சர் இன்னொன்று போட்டார். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தாள். மேலாளர் வந்து மேசையோரம் நின்று, "என்னக்கா, இது அவர்தானா?" என்று காசோலையைக் காட்டிக் கேட்டார்.

"இருங்க சார்" என்றாள். "இன்னொரு தடவை பாக்குறேன்."